நுரையீரலுக்குப் போட்ட ஊசியா பிள்ளையைச் சின்னதாக்கியது?

குறைமாதப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பும் குடும்பத்தில், டயக்னோசிஸ் கார்டை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய ஒருவர் எப்படியும் இருப்பார். ஒரு மாமா, அல்லது கம்பஸில் படிக்கும் மச்சாள். அவருடைய கண் போய் நிற்பது 'டெக்ஸாமெத்தசோன்' என்ற பெயரில்தான். கோவிட் காலத்தில் எல்லாருக்கும் பழகிப்போன மருந்து அது. ஸ்டீரொய்ட் என்று தெரியும், ஸ்டீரொய்ட் உடம்புக்குக் கூடாது என்றும் கேள்விப்பட்டாயிற்று. மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் நிறை, பதிவேட்டுக் கோட்டுக்குக் கீழே விழுந்ததும் வெள்ளவத்தை ஃபிளாட்டிலும் கொட்டாஞ்சேனைத் தோட்ட வீட்டிலும் ஒரே தீர்ப்புத்தான்: "அந்த ஊசி போட்டதாலதான் பிள்ளை வளரேல்ல."

இதை அம்மம்மாமாரின் பயம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. கருவில் இருக்கும் சிசுவின் வளர்ச்சியை ஸ்டீரொய்ட் மெதுவாக்கும் என்பது உண்மை. ஆராய்ச்சிகள் அதை அளந்து காட்டியிருக்கின்றன. ஆனால் எந்தப் பிள்ளைக்கு, எத்தனை ஊசிக்குப் பிறகு, எவ்வளவு என்று பார்க்கப்போனால், 28 வாரத்தில் பிறந்து பிபியூவில், அதாவது குறைமாதப் பிள்ளைகளுக்கான விசேட பிரிவில் கிடந்த பிள்ளையின் நிறைக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்ல மிகக் குறைந்த இடமே மிஞ்சுகிறது.

கர்ப்பம் 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில் இருக்கையில், அடுத்த ஒரு கிழமைக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், சிசுவின் நுரையீரலை ஆயத்தப்படுத்தத் தாய்க்குப் போடும் ஊசி இது. பீட்டாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீரொய்ட் என்றால் 12 மில்லிகிராம் வீதம் 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம் வீதம் 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு. எப்படிக் கூட்டினாலும் 24 மில்லிகிராம். இதுதான் ஒரு சுற்று. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். பிள்ளைகளின் 2 வயதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டு மருந்தையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நஞ்சுக்கொடி. தாயின் உடம்பில் ஊறும் கோர்ட்டிசோலையும், ஆஸ்துமாவுக்கு அவர் குடிக்கும் பிரெட்னிசலோனையும் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடும். பீட்டாமெத்தசோனும் டெக்ஸாமெத்தசோனும் அதைத் தாண்டிச் சிசுவிடம் போய்ச் சேருகின்றன.

ஆட்டுக்குட்டியில் தொடங்கிய கதை

1963 ஓகஸ்ட்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரைக் கிழமை முந்திப் பிறந்த மகன், பற்றிக், 39 மணித்தியாலத்தில் மூச்சுத்திணறி இறந்தான். நிறை 2 கிலோவுக்கு மேல். இன்றைக்குக் கொழும்பில் அந்த நிறையில் பிறக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்கள். அன்று உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த வீட்டிலும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் போதாததே இந்த மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்பதை மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1959இலேயே காட்டியிருந்தார். காரணம் கையில் இருந்தது, வைத்தியம் இருக்கவில்லை.

வைத்தியம் வந்தது நியூசிலாந்தில் இருந்து, அதுவும் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது. ஓக்லாந்தில் கிரேம் லிகின்ஸ் என்ற பேற்றியல் மருத்துவர், பிரசவ வலியைத் தொடக்கிவைப்பது எது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவில் உள்ள குட்டிக்கு ஸ்டீரொய்ட் செலுத்தினால் ஆடு முந்தியே ஈன்றது. அப்படி 117ஆம் நாளில் பிறந்த ஒரு குட்டி (ஆட்டுக்கு நிறைமாதம் 147 நாள் அளவு) செத்துக்கிடக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறுத்துப் பார்த்தபோது அதன் நுரையீரலில் ஒரு பகுதி காற்றால் விரிந்திருந்தது. லிகின்ஸ், ரொஸ் ஹவி என்ற குழந்தை மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு 282 தாய்மாரில் பரிசோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் மூச்சுத்திணறல் 9.0 சதவீதம், போடாதவர்களில் 25.8. முதல் கிழமைக்குள் இறந்தவர்கள் 3.2 சதவீதமும் 15.0 சதவீதமும்.

இதற்குப் பிறகும் உலகம் இருபது வருடம் தயங்கியது. சின்னச் சின்னப் பரிசோதனைகள் பல நாடுகளில் நடந்தன, ஒவ்வொன்றும் தனித்தனியே சந்தேகத்துக்கு இடம் வைத்தது. அவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகே எல்லாம் ஒரே பக்கம் சாய்வது தெரிந்தது. மருத்துவ ஆதாரங்களைத் தொகுக்கும் கொக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள குறுக்குக் கோடுகள் இந்த ஊசியைப் பற்றிய பரிசோதனைகளின் வரைபடம்தான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1994இல் அழுத்தமாகப் பரிந்துரைத்த பிறகே ஊசி பரவலானது. ஆதாரம் ஏட்டில் இருக்க, வாட்டில் பிள்ளைகள் இறந்துகொண்டிருந்த அந்த இருபது வருடம் மருத்துவத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தரவில்லை.

'வளர்ந்தது போதும், ஆயத்தமாகு'

நிறைமாதம் நெருங்கும்போது சிசுவின் உடம்பில் கோர்ட்டிசோல் இயல்பாகவே கூடும். அது உறுப்புகளுக்கு ஒரு கட்டளை: பெருகினது போதும், இனி வேலை செய்யப் பழகு. நுரையீரலின் சுவர்கள் மெலிகின்றன, சர்ஃபக்டன்ட் சுரக்கிறது, உள்ளே நிறைந்திருந்த திரவத்தை உறிஞ்சி வெளியேற்றும் வழிகள் திறக்கின்றன. குடலும் கல்லீரலும் வெளியுலகத்துக்கு ஆயத்தமாகின்றன. இதே கட்டளையை நாங்கள் எட்டு, பத்துக் கிழமை முந்தி ஊசியால் கொடுக்கிறோம். கலங்கள் பிரிந்து பெருகுவதை விட்டு முதிரத் தொடங்குவதால் நிறை கூடும் வேகம் அந்த நேரத்துக்குத் தணியும். ஆக, வளர்ச்சி தணிவதைத் தனியான ஒரு பக்கவிளைவு என்று பார்ப்பதே சரியல்ல என்று எனக்குப் படுகிறது. நுரையீரலைக் காப்பாற்றும் அதே பொத்தானின் மறுபக்கம் அது. ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்ட ஆடுகளின் குட்டிகள் சிறியதாகப் பிறந்ததை 1990களிலேயே அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள்.

கேள்வி அளவைப் பற்றியது. ஒரே ஒரு சுற்று ஊசி போட்ட பரிசோதனைகளை எல்லாம் திரட்டிய கொக்ரேன் மீளாய்வில், பிறப்பு நிறையில் சராசரி வித்தியாசம் 14 கிராம் அளவு. சரியாகச் சொன்னால் வித்தியாசமே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பத் திரும்பப் போட்டால் கதை மாறும். 1990களின் இறுதியில் பல நாடுகளில் இது வழக்கமாகவே இருந்தது: ஒரு சுற்றுப் போட்டும் பிரசவம் ஆகவில்லையா, அடுத்த கிழமை இன்னொன்று, அதற்கடுத்த கிழமை இன்னொன்று. 20 நாடுகளில் 1,858 தாய்மாரைச் சேர்த்துக் கனடா தலைமையில் நடந்த மெக்ஸ் பரிசோதனை 2008இல் இந்த வழக்கத்தைக் கணக்குப் போட்டது. 14 நாளுக்கு ஒரு தடவை போட்டவர்களின் பிள்ளைகள் சராசரியாக 2,216 கிராம். ஒரு சுற்றோடு நிறுத்தியவர்களின் பிள்ளைகள் 2,330 கிராம். தலைச் சுற்றளவு 31.1 சென்டிமீற்றருக்கு 31.7. நீளத்திலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீற்றர் குறைவு. கூடுதல் ஊசிகளால் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் கிடைத்த நன்மை? அந்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு இரண்டு வருடம் முந்தி அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 982 தாய்மாரில் நடந்த இன்னொரு பரிசோதனை கொஞ்சம் வேறு விதமாகச் சொன்னது. அங்கே கூடுதல் ஊசி மூச்சுத்திணறலை 41 சதவீதத்தில் இருந்து 33 சதவீதமாகக் குறைத்தது. பிறக்கும்போது நிறையும் தலைச் சுற்றளவும் சற்றுக் குறைந்திருந்தாலும் வீட்டுக்குப் போகும் நாளில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இன்றைய வழக்கம் வந்தது. ஒரு சுற்று. ஏழு நாள் கடந்தும் பிரசவம் ஆகாமல், ஆனால் அடுத்த ஏழு நாளுக்குள் ஆகும் அபாயம் இன்னும் இருந்தால், இன்னும் ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கவில்லை. மெக்ஸ் பிள்ளைகளை 5 வயதில் திரும்பிப் பார்த்தபோது இதில் ஒரு முள் தைத்தது. பல சுற்று வாங்கியும் கடைசியில் நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிடம் நரம்பு, புலன் சார்ந்த குறைபாடுகள் கூடுதலாகத் தெரிந்தன. முந்திப் பிறந்தவர்களில் அப்படி இல்லை. ஊசி போட்டு, முந்திப் பிறக்காமலே விட்ட பிள்ளைதான் நன்மை எதுவும் பெறாமல் விலையை மட்டும் கொடுத்த பிள்ளை.

28 வாரத்தில் பிறந்த பிள்ளையின் நிலை இதற்கு நேர் எதிர். ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் அது வெளியே வந்துவிடுகிறது. வளர்ச்சி தணிய அங்கே நாளே இல்லை.

கிளினிக் வாங்கில் தெரியாத பிள்ளைகள்

பிறகேன் ஊசி வாங்கிய குறைமாதப் பிள்ளைகள் சில கணக்குகளில் சிறியதாகத் தெரிகிறார்கள்? இங்கேதான் கண் ஏமாறுகிறது. 26, 27 வாரத்தில் ஊசி இல்லாமல் பிறந்த பிள்ளைகளில் மிக மெலிந்தவை முதல் நாட்களிலேயே போய்விடும். ஒரு வயதில் கிளினிக்குக்கு வந்து தராசில் ஏறுவது தப்பியவர்கள் மட்டும், அதாவது முதலிலேயே கொஞ்சம் திடமாக இருந்தவர்கள். ஊசி வாங்கியவர்களிலோ அந்த மெலிந்த பிள்ளைகளும் பிழைத்து, வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சராசரி எடுத்தால் ஊசிக்காரர்கள் சிறியதாகத் தெரிவார்கள். அந்தச் சில கிராம் குறைவுக்குள் பிழைத்த உயிர்கள் ஒளிந்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. முந்திப் பிறக்க வைக்கும் காரணமே பல நேரம் பிள்ளையை மெலிய வைத்த காரணம். தாய்க்கு பிரஷர் ஏறி, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் குறைந்து, சிசுவுக்குச் சாப்பாடு போதாமல் போய், இனி உள்ளே வைத்திருப்பது ஆபத்து என்று டொக்டர் முடிவெடுக்கும்போதுதான் ஊசி வருகிறது. அந்தப் பிள்ளை ஊசிக்கு முதலே சின்னது. ஸ்கேன் அறிக்கைகளை அடுக்கி வைத்துத் திகதி பார்த்தால் குடும்பத்துக்கே இது விளங்கும்.

பிறந்த பிறகு நடப்பதுதான் நிறையை உண்மையில் தீர்மானிக்கிறது. 1,100 கிராமில் பிறந்த பிள்ளை முதல் நாட்களில் நிறை இழக்கும். பழைய நிறைக்குத் திரும்ப இரண்டு கிழமை வரை எடுக்கலாம். பால் முதலில் குழாய் வழியே, ஒரு மில்லிலீற்றர், இரண்டு மில்லிலீற்றர் என்று. வயிறு ஊதினால் அதுவும் நிற்கும். கருவில் இருந்திருந்தால் அந்தக் காலத்தில் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் கூடியிருக்கும். வெளியே, மூச்சுக்கும் சூட்டுக்கும் சக்தியைச் செலவழித்துக்கொண்டு, கிருமித் தொற்றோடும் மல்லுக்கட்டி, அதே வேகத்தைப் பிடிப்பது இலேசல்ல. தாய்ப்பால்தான் சிறந்தது, குடல் அழற்சியில் இருந்து காப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அதில் உள்ள புரதமும் கல்சியமும் பொஸ்பரசும் காணாது. அதனால்தான் கறந்த பாலில் சத்துத் தூள் கலக்கச் சொல்வார்கள். பிபியூ வாசலில் காத்திருந்து தினமும் நிறை கேட்கும் அப்பாமாருக்கு ஒன்று: சேலைன் ஏற்றும் கையில் கட்டிய சிம்பும் நனைந்த நெப்பியும் சேர்ந்து இருபது, முப்பது கிராமைச் சுலபமாகக் கூட்டிக் காட்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுவிட்டு ஒரு கிழமையின் போக்கைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கோடு விழுவதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் வயதைக் கணக்குப் பார்க்கும் முறை. 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது, நிறைமாதக் கணக்கில் அது இப்போதுதான் பிறந்த பிள்ளை. நிறை, உயரம், தலைச் சுற்றளவு, சிரிப்பது, கவிழ்வது எல்லாவற்றையும் பிரசவத்துக்குக் குறித்த திகதியில் இருந்து எண்ண வேண்டும், இரண்டு வயது வரைக்கும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த நாள் கணக்கு. பதிவேட்டில் பிறந்த திகதியை வைத்துப் புள்ளி போட்டால் எந்தக் குறைமாதப் பிள்ளையும் சிவப்பில்தான் நிற்கும். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரும்போது டயக்னோசிஸ் கார்டைக் காட்டி, எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதைச் சொல்லிவிட்டால் இந்தப் பதற்றத்தில் முக்கால்வாசி போய்விடும்.

அந்த ஸ்டீரொய்ட் வேறு

ஸ்டீரொய்ட்டும் குறைமாதமும் என்று இணையத்தில் தேடினால் மூளைவாதம், வளர்ச்சிக் குறைவு என்று பயங்கரமான பக்கங்கள் வரும். அவை பெரும்பாலும் பிறந்த பிறகு பிள்ளைக்கே கொடுத்த ஸ்டீரொய்ட்டைப் பற்றியவை. 1990களில் வென்டிலேட்டரில் இருந்து எடுக்கமுடியாத பிள்ளைகளுக்கு டெக்ஸாமெத்தசோனை உயர்ந்த அளவில், நாள்கணக்கில், கிழமைக்கணக்கில் கொடுத்தார்கள். மூச்சு சீரானது, பின்னாளில் மூளைவாதம் கூடியது தெரியவந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2002இல் அதை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்று எச்சரித்தது. மருந்தின் பெயர் ஒன்று, கொடுத்த ஆள், அளவு, காலம் எல்லாம் வேறு. தாய்க்குப் போடும் ஊசி, மூச்சுத்திணறலோடு மூளைக்குள் இரத்தம் கசிவதையும் குறைக்கிறது.

முதல் பரிசோதனைப் பிள்ளைகளை ஓக்லாந்துக்காரர்கள் விட்டுவிடவில்லை. 30 வயதில் 534 பேரைத் தேடிப் பிடித்து அளந்தார்கள். உயரம், நிறை, இரத்த அழுத்தம், கொழுப்பு எதிலும் வித்தியாசமில்லை. ஆனால் சீனி குடித்து அரை மணித்தியாலத்தில் எடுத்த இன்சுலின் அளவு ஊசிப் பிள்ளைகளில் சற்றுக் கூடியிருந்தது. சின்னதுதான் என்றாலும் மறைக்கக்கூடாத ஒன்று.

ஊசியை விட நேரம்

ஊசி போட்டு 24 மணித்தியாலத்தில் இருந்து ஏழு நாளுக்குள் பிள்ளை பிறந்தால்தான் முழுப் பலன். சில மணித்தியாலம் கிடைத்தாலும் ஓரளவு பலனுண்டு. கொழும்பில் 1879 முதல் இயங்கும் டி சொய்சா மகளிர் வைத்தியசாலையிலோ காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலோ இருப்பவருக்கு ஊசி கைக்கெட்டும் தூரத்தில். மலையகத்தில் இருந்தோ வேறு மாவட்டத்தில் இருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் தாய்க்கு, அம்புலன்ஸ் புறப்பட முதலே முதல் ஊசி ஏறியிருக்க வேண்டும். பிள்ளையை வயிற்றில் வைத்துக் கொண்டுவருவது, பிறந்த பிள்ளையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதை விட எவ்வளவோ மேல்.

ஊசிக்குப் பிறகு தாய்க்கு சில நாள் சீனி ஏறும். இன்சுலின் போடுபவர்களை வாட்டில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். பிள்ளையின் துடிப்பும் இரண்டு நாளைக்குக் குறைந்ததுபோல் இருக்கலாம். மருந்தின் வேலையாக இருக்கக்கூடும் என்று நீங்களே முடிவெடுத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள், மிஸ்ஸிடம் சொல்லுங்கள். சிங்களம் வராது என்று வாய்மூடி இருக்கும் தாய்மாரை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

திகதி பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். இந்தியா, பாகிஸ்தான், கென்யா உட்பட ஆறு நாடுகளில் கிட்டத்தட்ட ஒரு இலட்சம் பிரசவங்களைச் சேர்த்து நடந்த ஒரு பரிசோதனை 2015இல் எல்லாரையும் திடுக்கிட வைத்தது. கிராம மட்டம் வரை ஊசியைப் பரப்பிய இடங்களில் 28 நாளுக்குள் சிசு மரணம் குறையவில்லை, ஆயிரத்துக்கு 23.9 இருக்கவேண்டிய இடத்தில் 27.4 ஆகக் கூடியது. தாய்மாருக்குத் தொற்றும் கூடியது. எத்தனை வாரம் என்று சரியாகத் தெரியாமல், நிறைமாதத்தில் பிறக்கவிருந்த பல பிள்ளைகளுக்கும் ஊசி போயிருந்தது. பின்னர் பங்களாதேஷ், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில், ஸ்கேன் வசதியும் குறைமாதப் பராமரிப்பும் உள்ள 29 ஆஸ்பத்திரிகளில் 2,852 தாய்மாரை வைத்து உலக சுகாதார ஸ்தாபனம் செய்து பார்த்தது. அங்கே சிசு மரணம் 23.5 சதவீதத்தில் இருந்து 19.6 ஆகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, இடம் மாறியது. இலங்கையில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடப்பதால் நாங்கள் இரண்டாவது படத்துக்குள் வருகிறோம். அதற்கும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் வேண்டும். அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பிறகு வாரக் கணக்கில் தடுமாறுகிறார்கள்.

கொழும்பில் ஊசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், பிபியூவைக் காட்டமாட்டேன். நல்ல நேரம் பார்த்துக் குறிக்கும் சிசேரியனைக் காட்டுவேன். 37, 38 வாரத்தில் திகதி வைத்துவிட்டு, மூச்சுக்கு எதற்கும் ஒரு ஊசி என்று சேர்த்துக் கேட்கும் வீடுகள் உண்டு. பிரித்தானியாவில் 998 தாய்மாரில் இதையே செய்து பார்த்தார்கள். மூச்சுத்திணறலால் விசேட பிரிவுக்குப் போன பிள்ளைகள் 5.1 சதவீதத்தில் இருந்து 2.4 ஆகக் குறைந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பள்ளிக்கூட வயதில் பின்தொடர்ந்தபோது, படிப்பில் கடைசிக் கால்பங்கில் இருப்பதாக ஆசிரியர்கள் சொன்னவர்கள் ஊசிப் பக்கத்தில் 17.7 சதவீதம், மற்றப் பக்கத்தில் 8.5. அதே பரிசோதனையின் கணக்குப்படி, 37 வாரத்தில் ஊசியோடு பிறந்தால் மூச்சுத்திணறலுக்கான வாய்ப்பு 5.2 சதவீதம். ஊசியே இல்லாமல் 39 வாரம் வரை பொறுத்தால் 1.5.